ஞாயிறு காலை ஒன்பதரை மணி

1965 மொழிப் போராட்டத்தை வகுப்பில் உங்களுக்கு எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அதன் தொடர்ச்சியாக என் வாழ்க்கையில் நடந்த ஒன்றை மட்டும் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

1964 ஜனவரி 25 அன்று கீழப்பழுவூர் சின்னச்சாமி நம் திருச்சி ரயில் நிலையத்தின் முன்பு இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்தார். மறு ஆண்டு ஜனவரி 26 முதல் இந்தியே ஆட்சிமொழி என்ற நிலை வந்தபோது தமிழ்நாடே கொந்தளித்தது. நான் அப்போது பி.யூ.சி. பக்கத்து வீட்டு நண்பனும் நானும் கைகோத்து ஊர்வலத்தில் நடந்தோம்.

22 ஆண்டுகள் கழித்து, 1987 பிப்ரவரி. எங்கள் பள்ளிக் கணக்கு சார் ஸ்ரீரங்கத்துக்காரர். "ஞாயித்துக்கிழமை காபி சாப்பிட வாங்க சார்" என்றார். 1-ஆம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி, சித்திரை வீதியில் அவர் வீட்டுக்குப் போனால் வாசல் முழுக்கச் செருப்பு. கூடத்தில் முப்பது பேர். தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் 'ராமாயண்'. இந்தி! நான் எழுந்துவிட்டேன்.

கணக்கு சார் கையைப் பிடித்து இழுத்தார். ஆதார நூல்களின் பட்டியல் திரையில் ஓடியது. தென்னூர் இந்திப் பிரச்சார சபாவில் தேர்வெழுதிய அவர் மனைவி வாசித்துச் சொன்னார். அதில் கம்பராமாயணமும் இருந்தது. "நம்ம கோயில்ல தாயார் சன்னதிக்கு எதிரே கம்பர் மண்டபம். அங்கே அரங்கேறின கதைன்னு சொல்றோம். உக்காருங்க சார்."

உட்கார்ந்தேன். அடுத்த வாரமும் போனேன். அந்த அம்மா வசனத்துக்கு வசனம் தமிழில் சொல்வார். அருண் கோவில் சிரித்தால் பாட்டிகள் கும்பிடுவார்கள். படம் முடிந்ததும்தான் எனக்குப் பிடித்த பகுதி. கம்பனில் ராவணன் சீதையைத் தொடாமல், மண்ணோடு பர்ணசாலையைப் பெயர்த்து எடுத்துப் போகிறான். இவர்கள் எப்படிக் காட்டப் போகிறார்கள் என்று முந்தைய வாரமே கூடத்தில் சண்டை!

ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் பழைய ஊர்வல நண்பன் பிடித்துக்கொண்டான். "ஞாயித்துக்கிழமையானா எங்கடா போறே?" உண்மையைச் சொன்னேன்.

"அது ஆரம்பிச்ச தேதி தெரியுமா? ஜனவரி 25. சின்னச்சாமி செத்த நாள். சட்டத்தால முடியாததை டி.வி.யால முடிக்கிறாங்க. நீ உக்காந்து பாக்குறே."

1986 கடைசியில்தான் இந்தியை எதிர்த்து அரசியல் சட்டத்தின் 17-ஆம் பகுதியைக் கொளுத்தித் தி.மு.க.வினர் சிறை போயிருந்தார்கள். எனக்குப் பதில் வரவில்லை. அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

இத்தனை வருடம் யோசித்ததில், அவன் சொன்னதில் பாதி சரி. நாடு முழுக்க ஒரே சேனல், எந்த நேரம் எந்த மொழிக்கு என்று முடிவு செய்தது டெல்லி. நமக்கு வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலை ஒரு படம். அது அரசியல்தான். ஆனால் ஒன்றரை வருடம் பார்த்தும் எனக்கு இந்தியில் ஒரு வாக்கியம் எழுத வராது. அந்தக் கூடத்தில் பேசியதெல்லாம் தமிழ், சண்டை போட்டதெல்லாம் கம்பனுக்காக. 1993-இல் சன் டிவி வந்தது. பிறகு எல்லார் வீட்டிலும் தமிழ்த் தொடர்தான். திணித்தால் எதிர்ப்போம். நண்பன் கூப்பிட்டால் போய் உட்காருவோம். இரண்டும் நாம்தான்.

1988 ஜூலை 31-இல் தொடர் முடிந்தது. கணக்கு சார் இப்போது இல்லை.

2020 மார்ச் 28. ஊரடங்கில் ராமாயணத்தை மறுபடி ஒளிபரப்பினார்கள். அன்று காலை போன். பல வருடம் கேட்காத குரல்.

"டேய், உன் ராமாயணம் ஓடுது. பாக்குறியா?"

"நீ பாக்குறியா?"

"சேனல் மாத்தும்போது கண்ணுல பட்டுச்சு."

அரை மணி நேரம் பேசினோம். அவன் வீட்டு டி.வி. சத்தம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் சேனலை மாற்றவே இல்லை.

நீங்கள் யார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தீர்கள்? எழுதுங்கள்.