‘சாப்’: வெட்டுவதா, முத்திரை குத்துவதா?

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இறங்கியவர் காதில் முதல் வாரத்திலேயே விழக்கூடிய வாக்கியம் இது: “இந்தப் பாரத்துல கம்பெனி சாப் அடிச்சு வாங்கிட்டு வாங்க, அண்ணே.”

ஊரில் அவருக்குத் தெரிந்த சாப், பிரியாணிக் கடையில் கிடைக்கும் மட்டன் சாப்ஸ். பள்ளிக்கூடத்தில் படித்த சாப், கோடரியால் விறகை வெட்டுவது. பாரத்தை எதற்காக வெட்ட வேண்டும் என்று அவர் விழிப்பதில் வியப்பில்லை. சொன்னவருக்கோ இதில் குழப்பமே கிடையாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளர்ந்தவர்களுக்கு ‘சாப்’ என்றால் ரப்பர் முத்திரை. மையில் அழுத்தித் தாளில் ஒரு குத்து குத்தினால் வேலை முடிந்தது.

இதைப் பலரும் நம் வட்டாரத்தின் கொச்சை ஆங்கிலம் என்று நினைக்கிறார்கள். ‘வெட்டு’ என்ற ஆங்கில வினைச்சொல்லை நாம்தான் கெடுத்துவிட்டோம் என்ற கூச்சமும் சிலருக்கு உண்டு. அந்தக் கூச்சம் தேவையற்றது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகளில் எழுதப்படும் ‘சாப்’, ஒரு சொல் அல்ல. வெவ்வேறு ஊர்களில் பிறந்த பல சொற்கள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன.

முதலில், எல்லாருக்கும் தெரிந்த வெட்டும் சாப். 14ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கிலத்தில் இருக்கிறது. வறண்ட காற்றில் உதடு வெடிப்பதைக் குறிக்கும் ‘சேப்’ என்ற சொல்லின் மறுவடிவம் என்பது அகராதிகளின் கருத்து. எலும்போடு சேர்த்து வெட்டிய இறைச்சித் துண்டு ‘சாப்’ ஆனது இந்த வழியில்தான். பிரிட்டிஷ் வீடுகளில் சமையல் வேலை பார்த்த ஹைனானியர்கள் பிறகு காப்பிக் கடைகளுக்குக் கொண்டுவந்த சிக்கன் சாப்பும் இந்தக் குடும்பமே. பிரிட்டனில் ஒருவருக்கு ‘சாப் கிடைத்தது’ என்றால் வேலை போய்விட்டது என்று பொருள். நம்மூரில் ‘கெனா சாப்’ என்றால் கடைக்காரர் விலையில் வெட்டிவிட்டார் என்று பொருள்.

அடிக்கடி மனம் மாறுகிறவரைப் பற்றி ஆங்கிலத்தில் ‘சாப் அண்ட் சேஞ்ச்’ என்பார்கள். இதில் வெட்டு எதுவும் இல்லை. இந்தச் சாப், பேரம் பேசிப் பண்டம் மாற்றுவதைக் குறித்த பழைய சொல். மலிவு என்னும் ‘சீப்’, வணிகர் என்னும் ‘சாப்மன்’ ஆகியவற்றுக்கு உறவு. தாடையைக் குறிக்கும் ‘சாப்ஸ்’ இன்னொன்று. வாய்க்கருவி வாசிக்கும் ஜாஸ் கலைஞர்களிடம் அது உதட்டின் பிடியைக் குறித்து, பிறகு வாசிப்புத் திறமைக்கே பெயரானது.

<b>இந்தியாவில் பிறந்த சாப்</b>

அலுவலகங்களில் நாம் கேட்கும் சாப் இவற்றில் எதுவும் இல்லை. அது இந்தியச் சொல்.

இந்தியில் ‘சாப்’ என்றால் அழுத்திப் பதித்த அடையாளம், முத்திரை. அச்சடிப்பதற்கும் அங்கே அதே வேர்தான். எழுதப் படிக்கத் தெரியாதவரை இந்தியில் ‘அங்கூட்டா சாப்’ என்பார்கள், அதாவது கட்டைவிரல் பதிப்பவர். தமிழில் நாம் ‘கைநாட்டு’ என்கிறோமே, அதேதான். மலாயில் கைரேகைக்குப் பெயர் ‘சாப் ஜாரி’. தமிழ்நாட்டிலும் இந்தச் சொல் ‘சாப்பா’ என்ற வடிவில் முத்திரையைக் குறித்துப் புழங்கியிருக்கிறது.

இந்தியத் துறைமுகங்களுக்கும் மலாய்த் துறைமுகங்களுக்கும் இடையே நடந்த வணிகத்தோடு இந்தச் சொல்லும் கப்பல் ஏறியது. மூட்டையில் யாருடைய முத்திரை இருக்கிறது, சுங்கம் கட்டியாயிற்றா என்பதைப் பார்த்துத்தான் சரக்கு நகரும். ஆகவே துறைமுகத்தில் எந்த மொழி பேசுகிறவருக்கும் இந்தச் சொல் தேவைப்பட்டது. மலாய் அதை எடுத்துக்கொண்டது. ஐரோப்பிய வணிகர்களும் எடுத்துக்கொண்டார்கள். கேன்டனில் கப்பல் புறப்படத் தரப்பட்ட அனுமதிச் சீட்டை ஆங்கிலேயர் ‘கிராண்ட் சாப்’ என்றே அழைத்தனர்.

இந்தப் பயணத்தைப் பதிவு செய்த நூல்களில் முக்கியமானது 1886ல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான ஏ.சி. பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அங்குள்ள அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தவர். அகராதி அச்சாகும் முன்பே 1882ல் காலமானார். அதில் ‘சாப்’ தனிப் பதிவாக இடம்பெற்றிருக்கிறது. முதல் தரமான பொருளை ‘ஃபர்ஸ்ட் சாப்’ என்று சொன்ன வழக்கையும் அது குறிப்பிடுகிறது. ஆஸ்திரேலியர்கள் சுமாரான ஒன்றை ‘நாட் மச் சாப்’ என்பது இதன் மிச்சமே.

முத்திரை குத்திய சரக்குக்கு மதிப்பு கூடியதால், சாப் என்பதே வணிகப் பெயரும் ஆகிவிட்டது. சிங்கப்பூரில் சீனக் கடைகள் பல ‘சாப்’ என்ற முன்னொட்டோடு பெயர் வைத்துக்கொண்டன. சைனாடவுனில் 1935ல் தொடங்கிய ‘சாப் தாய் சோங் கோக்’ பலகாரக் கடையில் அது இன்றும் இருக்கிறது. மலாயில் ‘சாப் ஆயாம்’ என்றால் நேர்ப்பொருள் கோழி மார்க். பேச்சு வழக்கிலோ பெயர் தெரியாத மட்டரகச் சரக்கு.

ஊருக்குப் போகும்போது பெட்டியில் தவறாமல் ஏறும் கோடாலித் தைலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1928 முதல் சிங்கப்பூரில் இருந்துவரும் அந்தத் தைலத்துக்கு மலாய்ப் பெயர் ‘மின்யாக் சாப் காப்பாக்’. காப்பாக் என்றால் கோடரி. வெட்டும் சாப்பும் முத்திரைச் சாப்பும் ஒரே புட்டியில் சந்தித்துவிட்டன.

<b>மை போனாலும் சொல் போகவில்லை</b>

இப்போது முத்திரைக்கே வேலை குறைந்து வருகிறது. சிங்கப்பூரில் நிறுவனங்கள் பொது முத்திரை வைத்திருக்கவேண்டிய கட்டாயம் 2017 மார்ச் 31 முதல் நீங்கியது. மலேசியாவின் 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்திலும் அது விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. வெளிநாட்டுப் பயணிகளின் கடப்பிதழில் மை முத்திரை பதிப்பதைச் சிங்கப்பூர் 2022 ஏப்ரல் 22 முதல் நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக மின்னஞ்சலில் அனுமதி வருகிறது. ஆனால் பாலத்தைக் கடப்பவர்களின் பேச்சில் “சாப் அடிச்சிட்டு வந்துடறேன்” இன்னும் மாறவில்லை. மருத்துவச் சான்றிதழில் கையெழுத்து மட்டும் இருந்தால் ‘கிளினிக் சாப் எங்கே?’ என்று கேட்கும் முதலாளிகளும் குறைந்தபாடில்லை.

தாளை விட்டுவிட்டு மேசைக்கும் அது தாவிவிட்டது. உணவங்காடியில் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடிப்பதற்குச் சிங்கப்பூரில் ‘சோப்’ என்று பெயர். இது முத்திரைச் சாப்பிலிருந்து வந்தது என்பதே பரவலான விளக்கம். ‘இது என்னுடையது’ என்று அடையாளம் வைப்பதுதானே இரண்டும்? மலேசியாவில் பிள்ளைகள் ‘சோப்’, ‘சுப்’ என்று கத்தி இடமும் பிடிப்பார்கள், ஓடிப்பிடித்து விளையாடும்போது சற்று நேரம் ஓய்வும் கேட்பார்கள். “இந்த மேசைக்கு சோப் போட்டாச்சு” என்று யாராவது சொன்னால், புதிதாக வந்தவர் சோப்பு நுரையைத் தேடுவார் என்பது தனிக்கதை.

சிங்கப்பூர் ஆங்கிலத்தின் மிக உறுதியான வாக்குறுதியும் இதில்தான் முடிகிறது: ‘கேரண்ட்டி பிளஸ் சாப்’. வாய்வார்த்தை போதாது, முத்திரையும் குத்தித் தருகிறேன் என்பது அதன் பொருள்.

ஓசை ஒத்திருப்பதால் சம்பந்தமில்லாத சிலவற்றையும் இதோடு முடிச்சுப்போடுவதுண்டு. சீக்கிரம் என்ற பொருளில் வரும் ‘சாப் சாப்’, கேன்டனீஸ் மொழியின் அவசரம் என்ற சொல்லிலிருந்து துறைமுக ஆங்கிலத்துக்கு வந்தது. நம் பிள்ளைகள் அதற்கு ‘கறிபோக்’ என்று எதுகை சேர்த்துக்கொண்டார்கள். சாப்ஸ்டிக்கில் உள்ள சாப்பும் அந்த அவசரச் சாப்தான் என்பார்கள். சாப் சூயி என்பது ‘பலவிதத் துண்டுகள்’ என்ற சீனப் பெயர், ஆங்கில வினைச்சொல்லோடு அதற்கு உறவில்லை. நைஜீரியாவிலும் கானாவிலும் ‘சாப்’ என்றால் சாப்பிடுவது, அங்கே லஞ்சம் வாங்குபவரும் ‘சாப்’ செய்கிறார். இதைக் கேட்டதும் நம் ‘சாப்பாடு’தான் ஆப்பிரிக்காவுக்குப் போனது என்று சிலர் மகிழ்ந்துபோகிறார்கள். அதற்குச் சான்று இல்லை.

ஆக, ‘சாப்’ என்று சொல்வதில் பிழை இல்லை. எங்கே சொல்கிறோம் என்பதுதான் கேள்வி. பேச்சில் ‘சாப் அடி’, ‘சாப் குத்து’ என்றாலும், தமிழில் எழுதும்போது ‘முத்திரையிடுதல்’ கையோடு இருக்கிறது. ஹாங்காங்குக்கு எழுதும் கடிதத்தில் ‘கம்பெனி சாப்’ என்றால் உடனே புரியும், அங்கேயும் அதே வழக்கம். லண்டனுக்கோ மெல்பர்னுக்கோ பல்கலைக்கழக விண்ணப்பம் அனுப்பும் மாணவர்கள், ‘பள்ளியின் சாப் இணைக்கப்பட்டுள்ளது’ என்று ஆங்கிலத்தில் எழுதினால், ஆட்டிறைச்சித் துண்டு எதற்கு என்று அங்குள்ள அதிகாரி யோசிக்கக்கூடும். அந்த இடத்தில் ‘ஸ்டாம்ப்’ என்று எழுதுவதே நல்லது.