மடிக்கணினி வந்து சேர்ந்த வீடுகள்



கணினி தமிழ்நாட்டுக்கு எந்த ஆண்டில் வந்தது என்பதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அது எந்தத் தெருவரை வந்தது, யார் வீட்டுக்குள் நுழைந்தது என்பது நம்முடைய கேள்வி. வாசிப்பைப் பற்றியும் நாம் இப்படித்தான் கேட்டுவந்திருக்கிறோம். தனிக்குவளை இருந்த ஊர்களில், டீக்கடைப் பெஞ்சில் ஒருவர் உரக்கப் படித்த செய்தித்தாளை நம் பெரியவர்கள் வெளியே நின்று காதால் வாங்கினார்கள்.

இணைய மையங்கள் வந்தபோதும் அவை கடைத்தெருவில்தான் இருந்தன. காலனியிலிருந்து பஸ் ஏறிப் போய், தேர்வு முடிவைப் பார்த்து, மணிக்கணக்குக்குப் பயந்து எழுந்துவிடுவோம். உட்கார்ந்து எழுதும் இடமல்ல அது.

2011 செப்டம்பரில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கினார்கள். (இலவசம் என்று கேலி பேசியவர்கள் வீட்டில் ஏற்கெனவே கணினி இருந்தது.) பிள்ளை பெயரில் வந்தாலும் அது குடும்பத்துக்கே வந்தது. அண்ணன் வேலைக்கு விண்ணப்பம் அடித்தான். ஏப்ரல் 14க்கான துண்டறிக்கையை அதில்தான் தட்டச்சு செய்தோம். பாட்டியின் ஒப்பாரியை, சாவு வீட்டுப் பறையடியைப் பதிவுசெய்து அதில் சேர்த்து வைத்தோம்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, பாடம் கைபேசிக்குப் போனது. வீட்டுக்கு ஒரே கைபேசி. அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். இரவு அவர் திரும்பிய பிறகுதான் பிள்ளைக்குப் பாடம். அன்றிலிருந்து நம் எழுத்தும் பெரும்பாலும் கைபேசியில்தான் நடக்கிறது. வாட்ஸ்அப்பில் வருகிறது, போகிறது. கைபேசி மாறினால் காணாமல் போகிறது.

அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். 1914இல் மறைந்தார். அவருடைய எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில், பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வெளியீடாக நம் கைக்கு வந்தது 1999இல். இடையில் 85 ஆண்டுகள். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைத் தம் வீட்டில் காத்து வைத்திராவிட்டால் அதுவும் இல்லை. எந்த நூலகத்தையும் நம்பி அவர்கள் காத்திருக்கவில்லை.

அந்த மடிக்கணினிகள் இன்று பரண்மேல், பேட்டரி செத்துக் கிடக்கின்றன. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டவர்களும் உண்டு. மிச்சமிருப்பதை அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். சார்ஜர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துப் பார்க்கலாம்.