பீச் டின்னில் பிறந்த புல்வெட்டி

புல் வெட்டும் மெஷினுக்கெல்லாம் வரலாறா என்று சிரிக்க வேண்டாம். 2000-ல் சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவிலேயே அதைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்!

விக்டா என்பது அதன் பெயர. 1952-ல் சிட்னியின் கான்கார்ட் பகுதியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் தன் வீட்டு கராஜில் செய்தது. பழைய இரும்பு, ஒரு வில்லியர்ஸ் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், பெட்ரோல் டேங்குக்கு பீச் பழம் வந்த காலி டின். சுழலும் பிளேடு அவர் கண்டுபிடிப்பு இல்லை. லாரன்ஸ் ஹால் என்பவர் 1948-லேயே அப்படி ஒன்று செய்திருந்தார், ஆனால் அது கனம். ரிச்சர்ட்சன் எஞ்சினைப் படுக்கவைத்து, அதன் தண்டிலேயே பிளேடுத் தட்டை மாட்டிவிட்டார்.

படுக்கவைக்க முடிந்ததற்குக் காரணம் டூ-ஸ்ட்ரோக். அதில் ஆயில் அடியில் தேங்கி நிற்பதில்லை, பெட்ரோலோடு கலந்தே போகிறது. (பழைய பஜாஜ் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்குப் புரியும்.) பிற்கால விக்டாக்களில் 25 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். வால்வு கிடையாது, கேம் ஷாஃப்ட் கிடையாது. கராஜில் பிறந்ததை கராஜிலேயே பிரித்துப் போட முடிந்தது.

ஸ்டார்ட் ஆகவில்லையா, முதலில் பிளக்கைக் கழற்று. ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை. காய்ந்திருந்தால் கோளாறு டேங்க், குழாய், கார்புரேட்டர் பக்கம். குளிர்காலம் முழுக்க உள்ளேயே கிடந்த பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைத்திருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் இழுவை இல்லையென்றால் சைலன்சரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆயில் எரிந்த கரி புகை வழியை அடைத்திருக்கும். பிஸ்டனை அந்தத் துளைக்கு நேரே நிறுத்திவிட்டு மரக்குச்சியால் சுரண்டுவார்கள். அப்போதுதான் கரி உள்ளே விழாது, பிஸ்டனிலும் கீறல் விழாது.

இந்த எளிமைக்கு ஒரு விலையும் இருந்தது. வால்வு இல்லாததால் புதுக் கலவையில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு வெளியே போய்விடும். அந்தக் காற்றைத்தான் தெருவே சுவாசித்தது. 2018-ல் ஆஸ்திரேலியாவில் சிறிய எஞ்சின்களுக்குப் புகை விதிகள் நடைமுறைக்கு வந்ததும் புது டூ-ஸ்ட்ரோக் புல்வெட்டிகளின் காலம் முடிந்தது. சுத்தமான பேட்டரி மெஷின்கள் வந்தன, ஆனால் அவற்றின் சர்க்யூட் போர்டு போனால் மரக்குச்சியை வைத்து என்ன செய்வது? பொருளைப் பழுதுபார்க்கும் உரிமை பற்றி அந்த நாட்டின் உற்பத்தித்திறன் ஆணையம் 2021-ல் தனி அறிக்கையே கொடுக்க வேண்டியிருந்தது.