சக்தி: திரும்பி வந்த பெயர், வராத வயலின்

‘சக்தி’ இசைக்குழு தன்ர ஐம்பதாவது ஆண்டுச் சுற்றுப்பயணத்தை 2023 ஜனவரியில் இந்தியாவில் தொடங்கி, பிறகு ஐரோப்பா, அமெரிக்கா எண்டு கொண்டுபோனது. மேடையில் ஐந்து பேர். அதில் 1970களிலிருந்தே இருந்தவர்கள் இரண்டே பேர்தான்: கிற்றார் வாசித்த ஜோன் மக்லாக்லின், தபேலா வாசித்த சாகிர் ஹுசைன். ரிக்கெட் எடுத்துப் போன சனம் பார்க்கப் போனது மீண்டும் ஒன்றுசேர்ந்த ஒரு குழுவை. அப்படியெண்டா உண்மையில ஒன்றுசேர்ந்தது என்ன? ஆக்களா, பெயரா, இல்லாட்டி வேறு ஏதுமா?

இதுக்குப் பதில் தேடினா குழு எப்பிடித் தொடங்கினது எண்டு பார்க்கவேணும். அந்தக் கதையின் ஒரு இழை யாழ்ப்பாணத்துக்குள்ளாலும் போகுது.

மக்லாக்லின் இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் பிறந்தவர். 1971இல் நியூயோர்க்கில் அவர் தொடங்கிய ‘மஹாவிஷ்ணு ஒர்க்கெஸ்ட்ரா’ ஜாஸையும் ரொக்கையும் கலந்து, மின்சாரக் கிற்றாரும் டிரம்ஸும் அதிர அதிர வாசிச்ச குழு. ஜாஸ் ஃபியூஷன் எண்டு சொன்னால் இண்டைக்கும் முதலில் வாற பெயர்களில் அதுவும் ஒண்டு. அந்தப் புகழுக்கு நடுவிலதான் அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை படிக்கப் போனார். அதே பல்கலைக்கழகத்தில் இசையியல் ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு இளம் வயலின் கலைஞரையும் சந்தித்தார். அவர்தான் எல். சங்கர்.

சங்கரின் அப்பா வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படிப்பித்தவர். சங்கர் 1950இல் மதராசில் பிறந்தாலும் சின்ன வயசு கழிந்தது இலங்கையில்தான். அண்ணன்மார் எல். வைத்தியநாதனும் எல். சுப்பிரமணியமும் பின்னாளில் பெயர் பெற்ற இசைக்கலைஞர்கள். ‘மால்குடி டேய்ஸ்’ தொடருக்கு இசையமைத்தவர் வைத்தியநாதன் எண்டு சொன்னால் உடன பிடிபடும். 1958 இனக்கலவரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் நாட்டை விட்டு மதராசுக்குப் போனது. அப்ப சங்கருக்கு எட்டு வயசு.

இதைச் சொல்லி ‘சக்தி எங்கட குழு’ எண்டு உரிமை கோர வரேல்லை. அவையள் தமிழ்நாட்டிலிருந்து வந்து, திரும்பிப் போன குடும்பம். ஆனா 1958ஐ நாங்கள் கணக்கெடுக்கேக்க இறந்தவர்களையும் எரிந்த வீடுகளையும் சொல்லுறம். ஒரு சங்கீத வாத்தியார் வயலினோட வெளிக்கிட்டால், அவரிட்டைப் படிச்சிருக்கக்கூடிய பிள்ளைகளையும் அந்தக் கணக்கில் சேர்க்கத்தானே வேணும்? அது எந்த அறிக்கையிலும் எண்ணிக்கையா வராது.

சங்கர், மக்லாக்லின், சாகிர், கடம் வாசித்த விக்கு விநாயக்ராம். தொடக்கத்தில் மிருதங்கத்துக்கு ராம்நாட் ராகவனும். இதுதான் சக்தி. டிரம்ஸ் இல்லை, கீபோர்ட் இல்லை, மின்சாரக் கிற்றாரும் இல்லை. எல்லாரும் கச்சேரிக்கு இருக்கிற மாதிரி நிலத்தில் சம்மணம் கட்டி இருந்தவை. தெற்கத்திக் கடமும் வடக்கத்தித் தபேலாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதே அந்தக் காலத்தில் அபூர்வம். கிழக்கும் மேற்கும் சந்திச்ச குழு எண்டுதான் எல்லாரும் எழுதுகினம். கர்நாடகமும் ஹிந்துஸ்தானியும் சந்திச்சதும் அதே அளவுக்குப் பெரிய விசயம்.

மக்லாக்லின் தன்ர கிற்றாரையே மாற்றினார். கட்டைகளுக்கு இடையில் மரத்தைக் குழிவாகச் செதுக்கினால் தந்தியை ஆழமாக இழுத்துக் கமகம் கொண்டுவரலாம். துளைக்கு மேலால குறுக்கே ஏழு துணைத் தந்திகளும் இருந்தன, வாசிக்கேக்க சேர்ந்து அதிர. தன்ர வாத்தியத்தின் உடம்பையே மற்றவரின் இலக்கணத்துக்கு ஏற்ற மாதிரி வளைக்கிறது எண்டா இதுதான். எங்கட கலைவிழாக்களில் கீபோர்டையும் மிருதங்கத்தையும் ஒரே மேடையில் ஏற்றிப்போட்டு ‘ஃபியூஷன்’ எண்டு அறிவிக்கிறம். இரண்டு பேரும் மற்றவற்றை பாடத்தைப் படிக்காமல் அது நடக்காது.

முதல் அல்பம் ஸ்டூடியோவில் செய்ததில்லை. 1975 யூலையில் நியூயோர்க் லோங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவு அது. பிறகு இரண்டு ஸ்டூடியோ அல்பங்கள் வந்தன. 1978இல் குழு கலைந்தது.

1997இல் ‘ரிமெம்பர் சக்தி’ எண்ட பெயரில் திரும்பி வந்தவை. மக்லாக்லின், சாகிர், விநாயக்ராம் மூவரும் இருந்தினம். சங்கர் இல்லை. அந்த இடத்தில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் கேட்டது. கொஞ்சக் காலத்தில் விநாயக்ராமின் இடத்துக்கு அவரின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோட வந்தார். மண்டலினோட யு. ஸ்ரீநிவாஸ் வந்தார், பாட சங்கர் மகாதேவன் வந்தார். 2014 செப்டெம்பரில் ஸ்ரீநிவாஸ் 45 வயதில் இறந்துபோனார். 2023 சுற்றுப்பயணத்தில்தான் வயலின் திரும்பவும் மேடைக்கு வந்தது. வாசித்தவர் கணேஷ் ராஜகோபாலன்.

1970களின் பழைய கச்சேரிப் பதிவையும் 2023இல் சனம் கைபேசியில் எடுத்துப் போட்டதையும் அடுத்தடுத்துப் பாருங்கோ. ஆக்கள் மாறிட்டினம். மாறாத ஒண்டு இருக்கு: ஒருத்தர் வாசிக்கேக்க மற்றவை அவற்றை கையையும் முகத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டே இருப்பினம். ஒரு தாளக்கட்டை சாகிர் எறிய, செல்வகணேஷ் அதைப் பிடிச்சுத் திருப்பி எறிவார். அடுத்தது என்ன வரும் எண்டு மேடையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியாது. அதாலதான் இந்தக் குழுவை நேரில் பார்க்கிறதுக்கு அவ்வளவு மதிப்பு. 1997க்குப் பிறகு வந்த அல்பங்களும் பெரும்பாலும் மேடைப் பதிவுகளாக இருந்ததில் ஆச்சரியமில்லை.

ரொக் குழுக்கள் மீண்டும் ஒன்றுசேர்ந்தால் ரசிகர்கள் கேட்கிறது அதே முகங்களையும் அதே பாட்டையும். எங்கட சங்கீதத்தில் கதை வேறு. அப்பா இருந்த இடத்தில் மகன் இருப்பார், குரு இருந்த இடத்தில் சீடன் இருப்பார், அதை ஒருத்தரும் போலி எண்டு சொல்லமாட்டினம். சக்தி அப்பிடித்தான் தொடர்ந்தது. ஆனா இடம் நிரம்பினால் இழப்பு இல்லையெண்டு ஆகாது. ஸ்ரீநிவாஸின் மண்டலினுக்கு இன்னொரு மண்டலின் வரேல்லை. எல். சங்கர் பத்துத் தந்தி இரட்டை வயலினோட தன்ர பாதையில் போனார், அவற்றை வாசிப்பு இன்னொருவரின் வாசிப்பாக மாறாது.

2023இல் வந்த ‘திஸ் மொமென்ட்’ அல்பத்துக்கு 2024 பெப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 15இல் சாகிர் ஹுசைன் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். 2023இல் அந்தக் கச்சேரிகளைப் பார்த்தவர்கள் ஐம்பதாவது ஆண்டுக் கொண்டாட்டத்துக்கு எண்டுதான் போயிருப்பினம். அந்தச் சுற்றுப்பயணத்தில்தான் சக்தியை சாகிரோட கடைசியாகப் பார்க்கப்போகிறம் எண்டு அவைக்குத் தெரிஞ்சிருக்காது.