கினொசாகி வெந்நீரூற்று ஊர்

கினொசாகி, ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் ஜப்பான் கடலுக்கு அருகே அமைந்த வெந்நீரூற்று ஊர். 2005இல் டொயோவோகா நகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஓத்தானி என்னும் சிற்றாற்றின் இரு கரையிலும் விடுதிகள் உள்ளன. ஊரில் ஏழு பொதுக் குளியல் இல்லங்கள் உள்ளன.

ஊற்றின் பிறப்பு குறித்து இரண்டு கதைகள் வழங்குகின்றன. காயம்பட்ட நாரை ஒன்று இங்கே கால் நனைத்துக் குணமானதைக் கண்டு மக்கள் ஊற்றை அறிந்தனர் என்பது ஒன்று. டோச்சி என்ற துறவி ஆயிரம் நாள் வேண்டுதல் செய்ததால் 720இல் வெந்நீர் பொங்கியது என்பது மற்றொன்று. ஒன்சென்ஜி கோயிலை 738இல் நிறுவியவரும் அவரே என்பர். முற்காலத்தில் குளிக்க வருபவர் முதலில் அக்கோயிலில் வழிபட்டு, குளிக்கும் முறையைக் கேட்டறிந்து, நீர் மொள்ள அகப்பை ஒன்றையும் பெற்றுக்கொண்ட பிறகே ஊற்றுக்குச் செல்வர். எடோ கால மருத்துவர் ககாவா ஷூவான் இந்நீரை நாட்டிலேயே முதன்மையானது என்று புகழ்ந்தார். இச்சினோயு என்னும் குளியல் இல்லத்தின் பெயர் அப்புகழ்ச்சியிலிருந்து வந்தது.

1909இல் ரயில் வந்தபின் கூட்டம் பெருகியது. ரயில் மோதிக் காயமடைந்த எழுத்தாளர் ஷிகா நவோயா 1913இல் உடல் தேற இங்கு வந்து, மிகியா விடுதியில் தங்கினார். 1917இல் வெளிவந்த அவருடைய ‘கினொசாகியில்’ சிறுகதையால் ஊரின் பெயர் நாடெங்கும் பரவியது.

1925 மே 23 அன்று, மதியச் சமையல் நேரத்தை ஒட்டி நிலநடுக்கம் வந்தது. தீ பரவி ஊரின் பெரும்பகுதி எரிந்தது. பொதுக் குளியல் இல்லங்களை மீட்பதற்கு ஊரார் முன்னுரிமை தந்தனர். சாலையையும் ஆற்றையும் அகலப்படுத்தத் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தனர். அருகிலுள்ள கென்புடோ குகையில் சரிந்து விழுந்த கருங்கற்கள் ஆற்றின் கரைச்சுவரானது அப்போதுதான்.

மீண்டெழுந்த சூட்டோடு ஊர் இரண்டுபட்டது. அதுவரை விடுதிகளுக்குள் ஊற்றுநீர்க் குளியல் கிடையாது. எல்லோரும் பொது இல்லங்களுக்கே போனார்கள். 1927இல் மிகியா தன் வளாகத்திலேயே குளியலறை அமைத்தது. ஒருவர் வழிகாட்டினால் மற்றவர்களும் தொடர்வர், விருந்தினர் தெருவில் இறங்கமாட்டார்கள், கடைகள் படுத்துவிடும் என்று ஊரார் எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். நிலத்துக்கு உரியவருக்கு நிலத்தடி வெந்நீரும் உரியதா என்பதே வழக்கின் மையம். இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுத்த வழக்கு 1950இல் சமரசத்தில் முடிந்தது. ஊற்று பொதுச்சொத்து என்பது உறுதியாயிற்று. விடுதிகள் அளவுக் கட்டுப்பாட்டோடு சிறிய குளியலறை வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்கப்பட்டது. பின்னர் ஊற்றுகளின் நீரை ஓரிடத்தில் சேர்த்துக் குழாய்வழி பகிரும் ஏற்பாடும் வந்தது. இன்றைய கினொசாகியின் தோற்றத்துக்கு ஆற்றங்கரை வில்லோ மரங்களைவிட இந்த உடன்படிக்கையே பெரிய காரணம்.

ரயில் நிலையம் வாசல், தெரு நடைக்கூடம், விடுதிகள் அறைகள், பொது இல்லங்கள் குளியலறை என ஊர் முழுவதையும் ஒரே விடுதியாகக் கருதுவது இங்குள்ள வழக்கம். தங்குவோர் யுகாதா என்னும் மெல்லிய அங்கி அணிந்து, கெத்தா என்னும் மரச்செருப்பு ஒலிக்க இல்லம் இல்லமாகச் செல்வர். அதற்கான அனுமதிச்சீட்டை விடுதியே தரும். தொட்டியில் இறங்குமுன் உடலைக் கழுவுவது கட்டாயம், நீச்சலுடைக்கு அனுமதியில்லை. பச்சை குத்தியவர்களைப் பல ஊர்களின் குளியல் இல்லங்கள் திருப்பியனுப்புவதுண்டு. இங்கே அந்தத் தடை இல்லை. நவம்பர் முதல் மார்ச் வரை மட்சுபா நண்டுக் காலமாதலால் அறைகள் விரைவில் நிரம்பிவிடும்.