இரு முனைகளிலும் கையால் எழுதிய டன்னல்

தொலைதூர இணைப்பைச் சுருக்கி வேகப்படுத்தும் ஆப்டிமைசர் கருவிகள் ஜோடியாகத்தான் வேலை செய்யும். ஒரு முனையில் இருப்பது தரவைச் சுருக்கி அனுப்பும்; மறுமுனையில் இருப்பது அதை விரித்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும். சுருக்கிய பாக்கெட் தன் ஜோடியைத் தவிர வேறெங்கு போனாலும் அதனால் பயனில்லை. அது சரியான இடத்துக்கே போய்ச் சேரும் என்று உறுதிசெய்ய, இந்தக் கருவிகள் சந்தைக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து எதிர்முனைக்கே கொண்டுபோகும் டன்னலை இரண்டு முனைகளிலும் பொறியாளர்களே கையால் அமைத்தார்கள்.

இந்த வழக்கம் ஆப்டிமைசர்களுக்கு முந்தியது. 1992 மார்ச்சில் அமெரிக்காவின் சான் டியேகோவில் இணையத் தரநிலைக் குழுவின் கூட்டம் நடந்தபோது, அதன் ஒலியை 20 இடங்களுக்கு நேரலையாக அனுப்பினார்கள். ஒரே பாக்கெட்டைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கும் மல்டிகாஸ்ட் முறையை அன்றைய ரவுட்டர்களில் பெரும்பாலானவை அறியா. அதனால் அம்முறை தெரிந்த கணினிகளை அங்கங்கே நிறுத்தி, அவற்றுக்கிடையே டன்னல் போட்டார்கள். எம்போன் என்று பெயர்பெற்ற வலையமைப்பு இப்படித்தான் உருவானது. எம்-ரவுட்-டி என்ற நிரலின் அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு டன்னலுக்கும் ஒரு வரி. தன் முகவரி, எதிர்முனை முகவரி, எவ்வளவு தூரம் வரை போகலாம் என்ற எல்லை, வேக வரம்பு எல்லாம் அந்த வரியில் இருக்கும். எதிர்முனை நிர்வாகியும் தன் கோப்பில் அதற்கு ஈடான வரியை எழுதினால்தான் டன்னல் உயிர்பெறும். இரண்டு முனைகளின் நிர்வாகிகளும் பேசி முடிவெடுத்தால்தான் டன்னல் பிறக்கும்.

1994 அக்டோபரில் ஜி.ஆர்.இ. என்ற பொதுவான உறையிடும் முறை ஆர்.எஃப்.சி. 1701 என்ற ஆவணமாக வெளியானது. உறைக்குள் இன்னொரு உறையை வைத்து அனுப்புவது போல, ஒரு பாக்கெட் முழுவதையும் இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் முறை இது. வெளியுறைக்கு 20 பைட்டும் ஜி.ஆர்.இ. தலைப்புக்குக் குறைந்தது 4 பைட்டும் செலவாகும். இந்த 24 பைட் பின்னர் பலருடைய தூக்கத்தைக் கெடுத்தது.

ஆப்டிமைசர் ஏன் தேவைப்பட்டது என்பதைத் தூரம் விளக்கும். டி.சி.பி. நெறிமுறையின் பழைய வடிவத்தில், எதிர்முனையின் ஒப்புதலுக்குக் காத்திராமல் அனுப்பக்கூடிய தரவு 65,535 பைட்தான். சென்னையில் இருக்கும் கணினிக்கும் அமெரிக்காவில் இருக்கும் சர்வருக்கும் இடையே ஒரு பாக்கெட் போய்வரக் கால் நொடி ஆகிறது என்று கொண்டால், ஒரு பரிமாற்றம் நொடிக்கு ஏறத்தாழ 2 மெகாபிட்டைத் தாண்ட முடியாது. 45 மெகாபிட் லீஸ்டு லைனுக்கு நிறுவனம் பணம் கட்டியிருந்தாலும் கணக்கு இதுதான். இந்த வரம்பை விரிக்கும் வழியை 1992-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1323 சொல்லிவிட்டது. ஆனால் அலுவலகக் கணினிகள் அதைத் தாமாகப் பயன்படுத்தத் தொடங்கப் பல ஆண்டுகள் பிடித்தன. விண்டோஸின் கோப்புப் பகிர்வு இன்னும் மோசம். ஒரு கோப்பைத் திறக்க நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் கேள்வி–பதில் நடக்கும். ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரம் முறை போய்வரக் கால் நொடி வீதம் நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். அலைவரிசையை எத்தனை மடங்கு கூட்டினாலும் இந்த நேரம் குறையாது.

தீர்வுக்கான கருத்துகள் ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்தன. மெதுவான தொடர் இணைப்புகளில் டி.சி.பி., ஐ.பி. தலைப்புகளின் 40 பைட்டைச் சில பைட்டாகச் சுருக்கும் முறையை வான் ஜேக்கப்சன் 1990-இல் வெளியிட்டிருந்தார். முன்பே கடந்துபோன தரவு மீண்டும் வந்தால் அதைத் திரும்ப அனுப்பாமல் சிறு குறியீட்டை மட்டும் அனுப்பலாம் என்று நீல் ஸ்பிரிங், டேவிட் வெதரால் ஆகியோர் 2000-இல் காட்டினார்கள். இரண்டு முனைகளும் ஒரே தரவை நினைவில் வைத்திருந்தால்தான் இது பலிக்கும். பாக்கெட்டீர் நிறுவனத்தின் பாக்கெட்ஷேப்பர் தனி ஆளாக நின்று போக்குவரத்தை வரிசைப்படுத்தியது. அதற்கு ஜோடி தேவையில்லை. சுருக்கும் கருவிகளுக்கோ ஜோடியில்லாமல் வேலையே இல்லை. 2000-இல் தொடங்கிய பெரிபிட் நிறுவனம், மரபணுத் தொடர்களில் திரும்பத் திரும்ப வரும் கோலங்களைத் தேடும் முறையைத் தரவுக்குப் பொருத்தியது. இஸ்ரேலின் எக்ஸ்பாண்ட் நிறுவனமும் இதே களத்தில் இருந்தது.

இப்படிப்பட்ட ஜோடிகளை இணைக்கத்தான் டன்னல் தேவைப்பட்டது. ஜி.ஆர்.இ. டன்னல் ஒன்றைக் கையால் அமைப்பது தாளில் எளிய வேலை. தொடங்கும் முகவரி, முடியும் முகவரி, டன்னலுக்கென ஒரு ஐ.பி., எந்தக் கிளையின் போக்குவரத்து அதற்குள் போகவேண்டும் என்ற வழி. இவற்றையே மறுமுனையில் தலைகீழாக எழுதினால் முடிந்தது. ஒரு எண் மாறினால்தான் தொல்லை. அடிப்படை ஜி.ஆர்.இ. எதிர்முனையின் நிலையைக் கவனிப்பதே இல்லை. எதிரே யாருமே இல்லாவிட்டாலும் இந்தப் பக்கத்துத் திரையில் டன்னல் நலமாக இருப்பதாகவே காட்டும்.

இன்னொரு பிழை நுட்பமானது. டன்னலின் மறுமுனைக்குப் போகும் வழியையே ரவுட்டர் அந்த டன்னல் மூலமாகக் கற்றுக்கொண்டுவிடும். தன்னைத் தானே சுமக்கச் சொல்லும் நிலை இது. ரவுட்டர் அதைக் கண்டுபிடித்து டன்னலை மூடும், மூடியதும் பழைய வழி திரும்பி வரும், டன்னல் மறுபடி எழும், மறுபடி விழும். மறுமுனை முகவரிக்கு மட்டும் வெளிவழியாக ஒரு நிலையான பாதையை எழுதிவைப்பதே அனுபவசாலிகளின் மருந்து.

அந்த 24 பைட்டின் கதையும் இங்கேதான். ஈத்தர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு 1,500 பைட். உறையைக் கழித்தால் 1,476. இதைத் தெரிவிக்கும் எச்சரிக்கைச் செய்தியை வழியில் உள்ள ஃபயர்வால் தடுத்துவிட்டால், பிங் என்னும் சிறு சோதனைச் செய்தி போய்வரும், உள்நுழைவுப் பக்கம் திறக்கும்; பெரிய கோப்பு மட்டும் பாதியில் நின்றுவிடும். தலைப்புகளின் 40 பைட்டையும் கழித்து டி.சி.பி. துண்டின் அளவை 1,436-க்கோ அதற்குக் கீழோ கட்டிவைத்தால் சரியாகும். காரணம் தெரியாதவர்கள் இதைத் தேடி நாள்கணக்கில் அலைந்ததில் வியப்பில்லை.

உண்மையில் கையால் அமைக்கும் முறையை முறியடித்தது எண்ணிக்கை. ஒவ்வொரு கிளையும் மற்றெல்லாக் கிளைகளோடும் நேரடியாகப் பேசவேண்டுமானால் 10 கிளைக்கு 45 டன்னல். 50 கிளைக்கு 1,225. ஒவ்வொன்றுக்கும் இரு முனை. புதிதாக ஒரு கிளை திறந்தால் மற்ற ஐம்பதையும் தொட்டாக வேண்டும். பெரிபிட் கருவிகள் ஒரு பதிவு சர்வரிடம் தங்களைப் பற்றிச் சொல்லி மற்றவற்றை அறிந்துகொண்டது இந்தச் சுமையைக் குறைக்கும் முயற்சிதான்.

பெரிய மாற்றம் 2004-இல் வந்தது. ஜெர்ரி கென்னலியும் ஸ்டீவ் மெக்கேனும் 2002-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ரிவர்பெட் நிறுவனம் ஸ்டீல்ஹெட் கருவியை வெளியிட்டது. எம்போனில் வீடியோ அனுப்பப் பயன்பட்ட விக் நிரலை ஜேக்கப்சனுடன் சேர்ந்து எழுதியவர் இதே மெக்கேன். ஸ்டீல்ஹெட்டில் எதிர்முனையின் முகவரியை எழுதிவைக்க வேண்டிய கட்டாயமே இல்லை. கணினி ஒன்று இணைப்பைத் தொடங்க அனுப்பும் முதல் பாக்கெட்டில், டி.சி.பி. விருப்பங்களில் 76 என்ற எண்ணுடன் தன் அடையாளத்தை இக்கருவி செருகும். வழியில் இன்னொரு ஸ்டீல்ஹெட் இருந்தால் பதில் சொல்லும். இல்லாவிட்டால் இணைப்பு வழக்கம்போல நடக்கும். 2006-இல் சிஸ்கோவும் தன் கருவிகளில் இதைப் போன்ற முறையோடு வந்தது.

டன்னல் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதமும் அப்போது வலுத்தது. எல்லாப் போக்குவரத்தும் இரண்டே முகவரிகளுக்கு இடையே போவதாகத் தெரிந்தால், நடுவில் உள்ள ரவுட்டர் எது குரல், எது கோப்பு என்று பிரித்து முன்னுரிமை தர முடியாது. மூல முகவரிகளை அப்படியே காட்டுவது எங்கள் முறை என்பதைச் சிஸ்கோ தன் பெருமையாகச் சொன்னது. 2004-இல் தொடங்கிய சில்வர் பீக் டன்னலையே பிடித்துக்கொண்டது. அதற்கு வலுவான காரணம் உண்டு. டன்னலுக்குள் பாக்கெட்டுகளுக்கு வரிசை எண் இடலாம், முறைமாறி வந்தவற்றை ஒழுங்குபடுத்தலாம், உபரி பாக்கெட் அனுப்பித் தொலைந்ததை மீட்கலாம். டி.சி.பி. அல்லாத குரல், காட்சி இணைப்புகளுக்கும் இந்தப் பயன் கிடைத்தது. காலம் சில்வர் பீக்கின் பக்கமே சாய்ந்தது.

2010-களில் மறையாக்கம் பரவலானதும், சாவியில்லாத கருவியால் திரும்ப வரும் தரவை அடையாளம் காண முடியாமல் போனது. மைக்ரோசாஃப்டின் புதிய கோப்பு நெறிமுறை கேள்வி–பதிலைக் குறைத்தது. சர்வர்கள் கிளவுடுக்கு நகர்ந்தன. ஆப்டிமைசருக்கான தேவை சுருங்கியது. மையக் கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்றே எல்லாக் கிளைகளுக்கும் டன்னல் எழுதிக்கொடுக்கும் எஸ்.டி.–வேன் முறை எழுந்தது. அத்துறையின் விப்டெலா நிறுவனத்தைச் சிஸ்கோ 2017-இல் வாங்கியது. சில்வர் பீக்கை 2020-இல் ஹியூலெட் பேக்கர்டு என்டர்பிரைஸ் 92.5 கோடி டாலருக்கு வாங்கியது. ரிவர்பெட் 2021 நவம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது.

கையால் எழுதும் முறை அழிந்துவிடவில்லை. அறியாத டி.சி.பி. விருப்பங்களை நீக்கிவிடும் ஃபயர்வால் வழியில் இருந்தால் தானாகக் கண்டறிதல் தோற்கும். அதற்காகவே ஸ்டீல்ஹெட்டில் எதிர்முனை முகவரியை நேரடியாக எழுதும் விதி இருக்கிறது. அங்கே பொறியாளர் மீண்டும் முகவரியைக் கையால்தான் எழுதுகிறார்.