அப்பாஸ்ட்ரஃபி எஸ் வந்த வழி

ஆங்கிலத்தில் 'ராஜாவின் மகன்' என்பதை 'கிங்ஸ் சன்' என்று எழுதும்போது, எஸ்ஸுக்கு முன்னால் எழுத்துகளின் தலைமட்டத்தில் ஒரு சிறு கொக்கி விழுகிறது. பள்ளிக்கூடங்களில் இதற்கு 'அப்பாஸ்ட்ரஃபி எஸ்' என்று பெயர். இதில் எஸ் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழசு. கொக்கியோ அச்சுக்கூடம் வந்த பிறகு சேர்ந்தது.

பழைய ஆங்கிலத்தில் பெயர்கள் வேற்றுமை உருபு ஏற்றன. ஆனால் எல்லாப் பெயருக்கும் ஒரே உருபு கிடையாது. கல்லைக் குறித்த 'ஸ்டான்', 'ஸ்டானெஸ்' ஆனது. நிலவைக் குறித்த 'மோனா', 'மோனன்' ஆனது. அந்தப் பேதம் கிழமைப் பெயர்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வோடன் என்ற தெய்வத்தின் நாளான வெட்னெஸ்டேயில் எஸ் உண்டு, நிலவின் நாளான மண்டேயில் இல்லை. மார்ச் 25இல் வரும் மங்கள வார்த்தைத் திருநாள் 'லேடி டே' என்று எஸ் இல்லாமல் வழங்குவதும் இதனால்தான்.

பிறகு உருபுகள் தேய்ந்தன. 'எஸ்' ஒன்றே மற்றவற்றின் இடத்தையும் பிடித்தது. பிரெஞ்சுச் செல்வாக்கில் 'ஆஃப்' அதற்குத் துணையாக வளர்ந்தது. 14ஆம் நூற்றாண்டில் சாசர் 'நைட்டெஸ்' என்று குறி எதுவும் இல்லாமல்தான் எழுதினார். பேச்சில் அந்த இடை உயிர் விழுந்தது. விட்டுப்போன எழுத்தைக் காட்டும் கொக்கியை 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழக்கிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையான தவறு புகுந்தது. 'ஹிஸ்' என்பதை அழுத்தாமல் சொன்னால் ஹகரம் கரைந்து, உருபின் ஓசையே மிஞ்சும். எனவே 'கிங்ஸ் சன்' என்பது 'கிங் ஹிஸ் சன்' என்பதன் சுருக்கம் என்று படித்தவர்களே நம்பினார்கள். 1605இல் அச்சான பென் ஜான்சனின் நாடகத்துக்குத் தலைப்பே 'செஜானஸ் ஹிஸ் ஃபால்'. 1711இல்கூட ஜோசப் அடிசன் 'ஸ்பெக்டேட்டர்' இதழில் இக்கருத்தை எழுதினார். 1755இல் தம் அகராதியின் முகப்பில் சேர்த்த இலக்கணத்தில் சாமுவேல் ஜான்சன் இதை மறுத்தார்: பெண்பாற் பெயருக்கும் இதே எஸ்தானே வருகிறது, அங்கே 'ஹிஸ்' எப்படிப் பொருந்தும்? தமிழில் 'ராஜாவுடைய' என்பதில் உள்ள 'உடைய' உண்மையிலேயே தனிச்சொல்லாக இருந்து உருபானது. நம் இலக்கணமும் அதைச் சொல்லுருபு என்றே சொல்கிறது. ஆங்கிலேயர் தங்கள் எஸ்ஸுக்குக் கற்பித்துக்கொண்ட வரலாறு நமக்கு நிஜமாகவே வாய்த்திருக்கிறது.

17ஆம் நூற்றாண்டின் முடிவில் ஒருமையில் கொக்கி நிலைபெற்றது. பன்மையில் எஸ்ஸுக்குப் பின்னால் போடும் வழக்கம் ஊன்ற மேலும் நூறு ஆண்டு ஆயிற்று.

மாணவர்களைப் பாடாய்ப் படுத்துவது 'இட்ஸ்'. அஃறிணைக்கும் பழைய உடைமைச் சொல் 'ஹிஸ்'தான். 1611ஆம் ஆண்டு பைபிளின் முதல் பதிப்பில் 'இட்ஸ்' ஓரிடத்திலும் இல்லை. அது பரவியபோது கொக்கியோடும் எழுதினார்கள், இல்லாமலும் எழுதினார்கள்; 'அது இருக்கிறது' என்பதன் சுருக்கத்துக்கே கொக்கி என்பது 1800 வாக்கில்தான் உறுதிப்பட்டது. இன்று எழுத்துப்பிழையாகத் திருத்தப்படுவது, அன்று நல்ல எழுத்தாளர்களின் வழக்கம்.

ஊர்ப்பெயர்களில் இக்குறி இன்னும் அடங்கவில்லை. அமெரிக்க இடப்பெயர் வாரியம் 1890இல் தொடங்கிய காலம் முதலே இதைத் தவிர்த்து வருகிறது. மார்தாஸ் வைன்யார்டு தீவு 1933இல் தன் கொக்கியைத் திரும்பப் பெற்றது அபூர்வமான விலக்கு. லண்டனின் பிக்கடில்லி ரயில் தடத்தில் ஏர்ல்ஸ் கோர்ட் நிலையப் பலகையில் கொக்கி இருக்கிறது. அடுத்த நிலையமான பேரன்ஸ் கோர்ட்டில் இல்லை.